தமிழில் மட்டும் சாகாதவன்

ரோமாபுரி மைதானத்தில் ஓர் அடிமை வீரனின் தலையைச் சீவக் கத்தி ஓங்கிய நேரத்தில், சாலிகிராமத்துச் சம்பூரணம் மனசு பொறுக்காமல் "விடுங்கய்யா" என்று கத்திவிட்டதால் அவன் சாகாமல் போனான். இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மூன்றாவது மாடி டப்பிங் தியேட்டரில், ஏசி வேலை செய்யாமல் எல்லோரும் முந்தானையாலும் கைக்குட்டையாலும் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றபோது. கத்தி பாதியில் நின்றது. ஓங்கினவன் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு அதை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். டப்பிங் இன்சார்ஜ் தேவநேசன் திரையைப் பார்த்தார், கையிலிருந்த வசனத் தாளைப் பார்த்தார், கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிட்டு வந்து பேசிக்கலாம்" என்றார்.

சம்பூரணம் யார் என்று கேட்கிறீர்களா? முகம் தெரியாது உங்களுக்கு, ஆனால் குரல் தெரியும். சினிமாக் கல்யாணச் சத்திரத்தில் "பொண்ணு வந்தாச்சு" என்று யாரோ கத்துவார்களே, அவள்தான். தீப்பிடித்த குடிசைக்கு முன்னால் ஐயோ ஐயோ என்று அடித்துக்கொள்வதும், இழவு வீட்டில் பின்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதும், தேர்தல் மேடைக்குக் கீழே வாழ்க போட்டு அடுத்த காட்சியில் ஒழிக போடுவதும் அவள்தான். க்ரவுடு ஆர்ட்டிஸ்ட் என்று சொல்வார்கள். கூட்டத்தோடு கோவிந்தா போடுவதே பிழைப்பு. கூட்டத்துக்கு உதடு தெரியாது, அதனால் வாயசைவு பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் கிடையாது, எதை வேண்டுமானாலும் பேசலாம், ரோமாபுரிச் சபையில் பெரிய மனுஷர்கள் எல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு முணுமுணுக்கிற இடத்தில் கொஞ்சம் காதைத் தீட்டிக் கேட்டால், "மாவு அரைச்சிட்டியாடி?" என்று சம்பூரணம் கேட்பதும், "எங்க, கரண்டே இல்ல" என்று அவள் கூட்டாளி ஃபிலோமினா பதில் சொல்வதும் கேட்கும். தலை நரைக்கும்வரை இப்படியே கத்தியாயிற்று. தனி மைக்கில், பெயருள்ள ஒரு பாத்திரத்துக்கு, ஒரே ஒரு பக்க வசனமாவது பேசிவிட்டுத்தான் சாகவேண்டும் என்பது அவளுக்கிருந்த ஒரே ஆசை. அதையும் ஃபிலோமினாவைத் தவிர யாரிடமும் அவள் சொன்னதில்லை.

அந்தத் தொடருக்கு 'மணல் வீரர்கள்' என்று பெயர். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு. எங்கோ வெளிநாட்டில் எடுத்தது. ரத்தம்கூட அதில் அவசரப்படாது, மெதுவாகக் கிளம்பி, காற்றில் நின்று, மாதுளம் முத்து உதிர்கிற மாதிரி அழகாக உதிரும். ஆம்பிளைகள் எல்லாம் உடம்பு முழுக்க எண்ணெய் தடவிக்கொண்டு, சண்டைக்கு வந்தார்களா சனிக்கிழமைக் குளியலுக்கு வந்தார்களா என்று தெரியாமல் நிற்பார்கள். தோற்றவன் மண்டியிட்டுக் கழுத்தைத் தாழ்த்துவான்; ஜெயித்தவன் கூட்டத்தைப் பார்ப்பான்; கூட்டம் "கொல்லு" என்று கத்தும். அந்தக் "கொல்லு" சம்பூரணத்துடையது. 'கொ'வைக் கீழேயிருந்து எடுத்து, 'ல்'லில் கொஞ்சம் ஊஞ்சலாடி, 'லூ'வை மொட்டைமாடி வரைக்கும் ஏற்றிவிடுவாள். தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள்கூட விக்கெட் விழுந்தால் அந்த ராகத்தில்தான் கத்தினார்கள்.

அன்றைக்கும் தேவநேசன் கையைக் காட்டினார், ஃபிலோமினாவும் மற்றவர்களும் மூச்சை இழுத்தார்கள். வசனத் தாளில் பெயர்கூட இல்லாத ஒரு வீரன், தோளில் வெட்டுக் காயத்தோடு மண்டியிட்டிருந்தான். எல்லோரையும்போல அவனும் கழுத்தைத் தாழ்த்தினான். ஆனால் கை மட்டும் சும்மா இருக்கவில்லை. இடது கால் செருப்பின் தோல்வார் அவிழ்ந்து கிடந்தது. ரத்தம் வழிகிற விரல்களால் அதை எடுத்து, கணுக்காலைச் சுற்றி, முடிச்சுப் போடப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் கத்தி ஏறிக்கொண்டிருக்கிறது, இவன் செருப்பு வார் கட்டிக்கொண்டிருக்கிறான். சம்பூரணம் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். தியேட்டருக்கு வெளியே அவள் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்புக்கும் இடது வார்தான் எப்போதும் பிடுங்கிக்கொள்ளும், ஊக்கு குத்தித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"விடுங்கய்யா! விடுங்க! செருப்பு வார் கட்டிக்கிட்டு இருக்கான்ல!"

அவ்வளவுதான் அவள் சொன்னது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள், அவன் உயிரோடுதான் இருந்தான். திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள், அப்போதும் கத்தி உறைக்குத்தான் போனது. ஒளிபரப்பு நேரம் யாருக்காகக் காத்திருக்கும்? அப்படியே அனுப்பிவிட்டார்கள். இந்தியில் அவன் செத்துப்போனான், தெலுங்கில் செத்துப்போனான், மலையாளத்தில் ஒரு ரத்தத் துளி வந்து கேமராமேலேயே தெறித்தது. தமிழில் மட்டும் மணலில் உட்கார்ந்து, ஒரு கையால் வாரைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தடுத்த நாட்களுக்கு வந்த படச்சுருள்களிலும் அவன் அங்கேயேதான் இருந்தான். வேறு வீரர்கள் வந்தார்கள், சண்டை போட்டார்கள், நடுரோட்டில் படுத்த மாட்டைச் சுற்றி ஆட்டோக்கள் போகிற மாதிரி அவனைச் சுற்றிச் சுழன்று வெட்டிக்கொண்டார்கள். ஊர் அவனை உடனே ஏற்றுக்கொண்டது. பெயரில்லாதவனுக்கு 'வாரண்ணன்' என்று பெயர் வைத்தார்கள். வெயிலில் உட்கார்ந்திருக்கிறானே என்று பெண்கள் எட்டு மணிக்கு டிவி முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார்கள், தொடர் முடிகிற நேரத்தில் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. தாகம் எடுக்கத்தானே செய்யும் என்று மறுநாள் மோர் வைத்தார்கள், மோரில் உப்புப் போடலாமா, காயத்துக்கு உப்பு ஆகுமா என்று மாடிக்கு மாடி வாக்குவாதம் நடந்தது, தோள்காயத்துக்கு மஞ்சள் அரைத்துத் திரையில் பூசிய வீடுகளில் படம் கொஞ்ச நாளைக்கு மஞ்சளாகத் தெரிந்தது, காயமும் ஆறத்தான் செய்தது. கடைகளில் கணுக்கால்வரை வார் வைத்த செருப்பு வந்து இறங்கியது. காதர் பாய் டீக்கடையில், "அவரு என்ன ஆளுங்க, நம்ம பக்கம்தான்" என்று நாலு ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். சம்பூரணத்தைப் பார்த்தால் ஷேர் ஆட்டோவில் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

"உன் தொண்டைக்குத் தங்கக் கவசம் போடணும்க்கா" என்றாள் பூக்காரி.

"கவசம் போட்டா எப்படிடி கத்துறது? பூவைக் குடு" என்றாள் சம்பூரணம். உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தது.

ஆனால் ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சும்மாவா சொன்னார்கள். வாரண்ணன் எழுந்திருக்கவேயில்லை. வாரைக் கட்டிமுடிக்கவும் இல்லை. குனிந்து முடிச்சைப் போடப் போவான், பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பான், மறுபடி குனிவான், மறுபடி நிறுத்துவான். இது என்ன கூத்து என்று ஊருக்கு இருப்புக்கொள்ளாமல் போனது. எட்டு மணி ஆனால் டிவி முன்னால் யாரும் உட்காரவில்லை, நின்றார்கள். நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். டீக்கடையில் டீ ஏடு கட்டிக் கிடந்தது. காலியான சாலையில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து "கட்டித் தொலையேன்" என்று கத்திவிட்டு, உன்னை இல்லை அவனை என்றான். குழந்தைகள் காரணமில்லாமல் அழுதன, பெரியவர்கள் காரணமில்லாமல் மொட்டைமாடியில் நடந்தார்கள். மோர் டம்ளர்கள் ஒவ்வொரு வீடாக நின்றுபோயின.

"நானும் நாள் பூரா உழைச்சிட்டு வந்து உட்கார்றேன்" என்றார் காதர் பாய். "இவன் எந்த வேலையும் செய்யாம உட்கார்ந்திருக்கான். ஒண்ணு சண்டை போடட்டும். இல்ல, போய்ச் சேரட்டும்."

முதலில் இந்த வார்த்தையை யார் சொன்னது என்று பின்னாளில் யாருக்கும் ஞாபகம் இல்லை, எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள்.

சம்பூரணம் மட்டும் என்ன, குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றி வந்தாள். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். எழுந்திருடா தம்பி, ஏதாவது பண்ணுடா என்று அவளே திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். காப்பாற்றியது தப்போ என்றுகூட ஒரு தடவை நினைத்தாள், நினைத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொறுமையிழந்து வீடு வீடாக டிவியை அணைக்க, சேனலில் பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், செத்தவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டார்கள். மூன்றாவது மாடியில் சம்பூரணம் தவிர மற்ற க்ரவுடை மைக் முன்னால் நிற்கவைத்துக் "கொல்லு" போடச் சொன்னார்கள். ஃபிலோமினா கத்தினாள், மற்றவர்கள் கத்தினார்கள், ஒரு வாரம் முழுக்கக் கத்தினார்கள். கத்தி உறையைவிட்டு வரவில்லை. ஃபிலோமினாவுக்குத் தொண்டை கட்டி, காற்று மட்டும்தான் வந்தது. காப்பாற்றின தொண்டையே கொன்றால்தான் உண்டு என்பது எல்லோருக்கும் புரிந்தபோது, தேவநேசன் சம்பூரணத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, உக்காருங்க. அடுத்த வாரத்துலேருந்து ராஜமாதா கேரக்டர் வருது. சக்கரவர்த்தியோட அம்மா. தொடர் முடியறவரைக்கும் இருப்பாங்க. தனி மைக். உங்களுக்குத்தான்."

சம்பூரணம் முந்தானையில் கையைத் துடைத்தாள். அவர் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டாள். ஒரு முழுப்பக்கம், அடர்த்தியாக.

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு 'கொல்லு'" என்றார் அவர். "மாட்டேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வட்டாரத்துல எந்த மைக்கும் உங்களுக்குக் கிடைக்காதுன்னு சேனல்ல சொல்றாங்க. நான் சொல்லல, அவங்க சொல்றாங்க."

"அவன் யாருக்கு என்ன சார் கெடுதல் பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. அதாம்மா பிரச்சனை."

வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைப் படித்தாள். 'மகனே, மகுடத்தின் கனம் கழுத்துக்குத்தான் தெரியும்' என்று தொடங்கியது. சமைக்கும்போது சொல்லிப் பார்த்தாள், துணி துவைக்கும்போது சொல்லிப் பார்த்தாள், அவள் குரலில் அது அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. இத்தனை காலம் கூட்டத்துக்குள் புதைந்துகிடந்த குரல் தனியாக வெளியே வந்து நின்றபோது அவளுக்கே அழுகை வந்தது. ராஜமாதாவாகப் பேசிவிட்டு, முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"எதுக்குடி யோசிக்கிற?" என்றாள் ஃபிலோமினா, காற்றுக் குரலில். "நாமெல்லாம் கூட்டம்டி. கூட்டத்துக்கு ஏது பாவம் புண்ணியம்? கத்திட்டுப் போ. ஆசைப்பட்டது மடியில வந்து விழுது."

சேனல்காரர்கள் லேசுப்பட்டவர்களா? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நேரடி ஒளிபரப்பு, மக்கள் முன்னிலையில் வாரண்ணனின் கடைசி நிமிஷம் என்று அறிவித்துவிட்டார்கள். ஸ்டுடியோ இருக்கும் தெருவின் முனையில் லாரி உயரத்துக்குத் திரை வைத்து, ஸ்பீக்கர் கட்டினார்கள். சுண்டல்காரன் வந்தான், பலூன்காரன் வந்தான். மோர் வைத்த பெண்கள் வந்தார்கள், மஞ்சள் பூசியவர்கள் வந்தார்கள், பூக்காரி வந்தாள், காதர் பாய் கடையை மூடிவிட்டு வந்தார். பாதிப்பேர் காலில் வார் செருப்பு இருந்தது.

சம்பூரணம் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்துதான் ஸ்டுடியோ வாசலுக்குப் போகவேண்டியிருந்தது. பாதி தூரம் போயிருப்பாள், கூட்டத்தில் யாரோ ஆரம்பித்தார்கள். "கொல்லு!" கீழேயிருந்து எடுத்து, நடுவில் ஊஞ்சலாடி, மொட்டைமாடிக்கு ஏற்றி. தெரு முழுக்க அப்படியே பற்றிக்கொண்டது. அவளுடைய ராகம், அவளுடைய இழுப்பு, மூச்சு வாங்குகிற இடம்கூட அவளுடையது. ஆயிரம் தொண்டையிலிருந்து தன்னுடைய குரல் தன்னைச் சுற்றி எழும்பியதைக் கேட்டு சம்பூரணத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐயோ, நான் இப்படியா கத்தினேன் என்று நினைத்தாள். அண்ணாந்து திரையைப் பார்த்தாள்.

வாரண்ணன் குனிந்து வாரைக் கையில் எடுத்திருந்தான். தெரு "கொல்லு" என்றது. அவன் கை நின்றது. அண்ணாந்து பார்த்தான். தெரு மூச்சு வாங்கியது; அந்த இடைவெளியில் அவன் மறுபடி குனிந்தான், விரல் முடிச்சுக்குப் போனது. தெரு கத்தியது. கை நின்றது.

அடப் பாவிகளா, அவ்வளவுதானா விஷயம், கத்தல் காதில் விழுந்தால் கை நின்றுவிடுகிறது என்று சம்பூரணத்துக்கு விளங்கியது. மைதானக் காட்சி எதுவாக இருந்தாலும் அடியில் கூட்டத்தின் இரைச்சல் ஓடிக்கொண்டேயிருக்கும், நிறுத்தாமல் ஓட்டுவதற்கென்று முதல் வாரமே பிடித்துவைத்த இரைச்சல், அதில் முக்கால்வாசி அவள் தொண்டை. மைதானத்தைக் காட்டுகிற நேரமெல்லாம் அவன் காதில் அவள்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்திருக்க விட்டால்தானே எழுந்திருப்பான்?

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மூன்றாவது மாடி தியேட்டருக்குள் போனாள். தேவநேசன் தனி மைக்கைக் காட்டினார். முதல்முதலாக, பக்கத்தில் யாருடைய தோளும் இடிக்காமல், தனி மைக் முன்னால் நின்றாள். ராஜமாதாவின் பக்கத்தை மடித்து வசனத் தாங்கியில் வைத்தாள், ஒரு தடவை அதைத் தடவிக் கொடுத்தாள்.

"சார், அடியில ஓடற கூட்டச் சத்தத்தை நிறுத்துங்க."

"எதுக்கும்மா?"

"என் குரல் தனியாக் கேக்கணும்ல?"

அவர் சவுண்ட் இன்ஜினியருக்குக் கண்ணைக் காட்டினார். இரைச்சல் நின்றது. அந்தத் தொடரில் இதுவரை இல்லாத அமைதி மணல்மேல் இறங்கியது. தெருவிலும் ஸ்பீக்கர் அடங்கியதும், என்னவோ நடக்கப்போகிறது என்று கூட்டம் வாயை மூடியது. தேவநேசன் கையை உயர்த்தி இறக்கினார்.

சம்பூரணம் கத்தவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் போய், சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து பேசுகிற குரலில் சொன்னாள்.

"தம்பி, யாரும் கத்தமாட்டாங்க. நீ வாரைக் கட்டிக்கப்பா."

அவன் குனிந்தான். வாரைக் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றினான், நுனியை உள்ளே விட்டான், இழுத்தான், முடிச்சுப் போட்டான். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒரு விரலை விட்டுப் பார்த்தான். அப்புறம் முழங்காலில் கை ஊன்றி எழுந்தான். நெடுநாள் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருக்கும், கொஞ்சம் தள்ளாடினான். மைதானக் கதவு வரைக்கும் நடந்தான். கதவுக் காவலர்கள் உத்தரவு கேட்கிற மாதிரி மேலே பார்த்தார்கள்.

"தொறந்து விடுங்கய்யா" என்றாள் சம்பூரணம். "வீட்டுக்குப் போகட்டும்."

திறந்தார்கள். அவன் போனான். சண்டைக்காக எண்ணெய் தடவிக் காத்திருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருத்தன் கத்தியை மணலில் வைத்தான், குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு கதவைப் பார்த்து நடந்தான், பின்னாலேயே இன்னொருத்தன், அவன் பின்னாலேயே எல்லோரும். சக்கரவர்த்தி உயரத்து இருக்கையில் திராட்சைக் கொத்தைக் கையில் பிடித்தபடி வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேவநேசன் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். "என்னம்மா பண்ணி வெச்சீங்க" என்றார். திட்டவில்லை, பாவம், அவருக்கும் அழுகை வரும்போல இருந்தது. "இதோட சரிம்மா. இனிமே உங்களை இங்க கூப்பிட முடியாது."

"தெரியும் சார்" என்றாள் அவள். ராஜமாதாவின் பக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதை விட்டுவிட்டு வந்தது வலித்தது, ரொம்பவே வலித்தது, படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நின்றாள்.

தெருவில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். திரையில் வெறும் மணல் ஓடிக்கொண்டிருந்தது. சுண்டல் ஆறிப்போயிருந்தது. ரத்தம் பார்க்க வந்தவர்கள், இத்தனை நாள் இருப்புக்கொள்ளாமல் நின்ற கால்களோடு, எதையும் பார்க்காமல் நின்றார்கள்.

"எங்க அவன்?" என்றார் காதர் பாய்.

"போயிட்டான் பாய்."

"நாங்க என்ன வேலைவெட்டி இல்லாமலா வந்து நிக்கிறோம்?" என்றது ஒரு குரல். "யாரைக் கேட்டு அனுப்புன?" என்றது இன்னொன்று. "ஏமாத்திட்டா" என்று பூக்காரி சொன்னது அவளுக்கு நன்றாகக் கேட்டது. வட்டம் சுருங்கியது. எதுவும் சொல்லாமல் நடக்கலாம் என்று ஓர் அடி வைத்தாள், இடது செருப்பின் வார் பிடுங்கிக்கொண்டது. ஊக்கு தெறித்துப் பக்கத்தில் விழுந்தது.

சம்பூரணம் குனிந்தாள். தெருநடுவில் ஒரு முழங்காலை ஊன்றி, செருப்பைக் கையில் எடுத்து, வாரின் முனையை ஓட்டைக்குள் தள்ளினாள். பின்னால், எங்கேயோ ஒருத்தர் ஆரம்பித்தார். கீழேயிருந்து எடுத்து, ஊஞ்சலாடி. அவள் கை நின்றது. குனிந்த கழுத்தில் வெயில் பட்டது. நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. தெரு முழுக்கப் பற்றிக்கொள்வதற்கு முன்னால் இருக்கிற அந்த மூச்சு வாங்கும் இடைவெளி அவளுக்கு அத்துப்படி, எத்தனை தடவை போட்டிருக்கிறாள், அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து, கட்டிப்போன தொண்டையிலிருந்து, பாதி காற்றும் பாதி குரலுமாக ஒன்று வந்தது.

"விடுங்கய்யா!" என்றாள் ஃபிலோமினா. "விடுங்க! செருப்பு வார் போட்டுக்கிட்டு இருக்கால்ல!"

தெரு வாயை மூடிக்கொண்டது. காதர் பாய் குனிந்து, தெறித்து விழுந்த ஊக்கைத் தேடி எடுத்து நீட்டினார். சம்பூரணம் அவசரப்படவில்லை. வாரை நன்றாக உள்ளே தள்ளி, ஊக்கைக் குத்தி, இழுத்துப் பார்த்து, காலில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.